இரத்தக் கொதிப்பும் நீரிழிவும்: ஒன்று இருந்தால் மற்றதையும் பார்க்க வேண்டும்

தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வயதான விவசாயி ஒருவரிடம் உடல்நலம் விசாரித்தால், "எனக்குப் பிரஷர் ஒன்றுதான், சுகர் எல்லாம் கிடையாது" என்று நிம்மதியோடு பதில் வருவதுண்டு. சுகருக்குக் கடைசியாக எப்போது ரத்தம் கொடுத்துப் பார்த்தீர்கள் என்று அடுத்து கேட்டால் பதில் வராது. பார்த்ததே இல்லை என்பதுதான் உண்மை. இதேபோல் பத்து ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், கையில் பட்டை கட்டி இரத்த அழுத்தம் பார்த்து ஓராண்டு ஆகியிருக்கும். இரண்டும் தனித்தனி நோய்கள், ஒன்று வந்தவருக்கு மற்றது வராது என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. உண்மை இதற்கு நேர்மாறானது.

நீரிழிவு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கோ அதற்கு மேலோ இரத்தக் கொதிப்பும் இருக்கிறது. இரத்தக் கொதிப்பு உள்ளவருக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவரைவிடச் சுமார் இரண்டரை மடங்கு அதிகம் என்று 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வு ஒன்று தெரிவித்தது. ஆகவே ஒன்று கண்டுபிடிக்கப்பட்ட அன்றே மற்றதற்கும் சோதனை செய்துகொள்வதுதான் முறை. பயிரில் ஒரு பூச்சி தென்பட்டால் இலையைத் திருப்பி வேறு என்ன இருக்கிறது என்று பார்க்காத விவசாயி இல்லை. அதே கவனம் தன் உடம்பின் மீதும் தேவை.

எந்த அளவு சரியான அளவு?

இரத்த அழுத்தத்தை இரண்டு எண்களால் குறிப்பிடுகிறார்கள். இருதயம் சுருங்கி ரத்தத்தை வெளியே தள்ளும்போது உள்ள அழுத்தம் மேல் எண். இருதயம் விரிந்து ஓய்வெடுக்கும்போது உள்ளது கீழ் எண். வெவ்வேறு நாட்களில் பார்த்தும் 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது இரத்தக் கொதிப்பு. நீரிழிவும் சேர்ந்திருப்பவருக்கு இதைவிடக் கீழே, பொதுவாக 130-க்கு 80-க்குள் வைத்திருக்கவே டாக்டர்கள் முயல்கிறார்கள்.

சர்க்கரையைப் பொறுத்தவரை, வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் 100 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பது இயல்பான அளவு. 126-ம் அதற்கு மேலும் நீரிழிவு. இடைப்பட்ட அளவு நீரிழிவுக்கு முந்திய நிலை. இந்த இடைநிலையில் உள்ளவர்கள் அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் இத்தகையோரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2006-ல் முடிவுகளை வெளியிட்டனர். வழக்கம்போல் விடப்பட்டவர்களில் 100-க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. உணவையும் உடலுழைப்பையும் திருத்திக்கொண்டவர்களில் அது 39 பேராகக் குறைந்தது.

கிராமத்துக்கு எப்படி வந்தது?

நீரிழிவு பட்டணத்துப் பணக்காரர்களின் நோய் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். அப்போது அதில் ஓரளவு உண்மையும் இருந்தது. சென்னை நகரத்தையும் அருகிலுள்ள கிராமத்தையும் ஒப்பிட்டு 1992-ல் வெளியான ஆய்வில், நகரத்தில் 100 பேருக்கு 8 பேருக்கு மேல் நீரிழிவு இருந்தது; கிராமத்தில் இரண்டரைப் பேருக்கும் குறைவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு டாக்டர் வி. மோகன் குழுவினர் நடத்திய பெரிய கணக்கெடுப்பின் முதற்கட்ட முடிவு 2011-ல் வந்தபோது, தமிழ்நாட்டின் கிராமப்புறங்களில் அது 7.8 சதவீதமாகியிருந்தது. அதே கணக்கெடுப்பு நாடு முழுவதும் முடிந்து 2023-ல் வெளியான முடிவின்படி, இந்தியாவில் வயது வந்தவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு, 35.5 சதவீதம் பேருக்கு இரத்தக் கொதிப்பு. அதாவது மூவரில் ஒருவருக்குக் கொதிப்பு இருக்கிறது.

தென்சென்னைப் புறநகர்களில் இது எப்படி நடந்தது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மேடவாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், முடிச்சூர் ஆகிய ஊர்கள் ஒரு காலத்தில் ஏரிப் பாசன நெல் வயல்கள் சூழ்ந்த கிராமங்கள். வயல்கள் மனைகளாயின. 2021-ல் தாம்பரம் மாநகராட்சியே ஆகிவிட்டது. நிலத்தை விற்றவர் பைக்கில் போகிறார். விற்காமல் மணிமங்கலம், சோமங்கலம், படப்பை பக்கம் இன்னும் பயிர் செய்கிறவருக்கும் உழவுக்கு டிராக்டர், அறுப்புக்கு இயந்திரம், தண்ணீர் இறைக்க மோட்டார் என்று வந்துவிட்டன. ஏற்றம் இறைத்த தாத்தா சாப்பிட்ட அதே அளவு சோற்றை, மோட்டார் சுவிட்சைத் தட்டும் பேரனும் மூன்று வேளை சாப்பிடுகிறார். தட்டில் சோறு குறையவில்லை, உழைப்பு மட்டும் குறைந்துவிட்டது. மிஞ்சியது வயிற்றைச் சுற்றிக் கொழுப்பாகத் தங்குகிறது. இந்த இரண்டு நோய்களின் பொதுவான வேரும் அங்கேதான் இருக்கிறது.

ஏன் சேர்ந்து வருகின்றன?

வயிற்றுக் கொழுப்பு கூடும்போது, உடலில் சுரக்கும் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. ஈடுகட்டுவதற்காகக் கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. இப்படி மிகுந்துவிட்ட இன்சுலின், சிறுநீரில் போக வேண்டிய உப்பைப் போகவிடாமல் சிறுநீரகத்தில் பிடித்து நிறுத்துகிறது. உப்பு இருக்கும் இடத்தில் தண்ணீரும் தங்கும். ரத்தக் குழாய்களில் ஓடும் நீர்மத்தின் அளவு கூடுகிறது, அழுத்தமும் ஏறுகிறது. ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருப்பதும் திசுக்களிலிருந்து தண்ணீரை ரத்தத்துக்கு இழுக்கிறது. அத்துடன் பல ஆண்டுகள் சர்க்கரை மிகுந்த ரத்தம் ஓடிய குழாய்கள் மிருதுத்தன்மையை இழந்து விறைத்துப் போகின்றன. வெயிலில் கிடந்து விறைத்த ரப்பர் குழாயில் மோட்டாரைப் போட்டால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும் நடக்கிறது. புதுக் குழாய் சற்று விரிந்துகொடுக்கும். விறைத்த குழாயில் முழு வேகமும் சுவரின் மேலேயே விழும்.

இதனால் மூளைக்குப் போகும் குழாய் வெடித்தாலோ அடைத்தாலோ பக்கவாதம். இருதயக் குழாய் அடைத்தால் மாரடைப்பு. நீரிழிவு உள்ளவருக்கு நரம்பு உணர்ச்சி மங்கியிருப்பதால், மாரடைப்பிலும் நெஞ்சுவலி தெரியாமல் வெறும் வியர்வையும் மூச்சுத் திணறலும் மட்டும் வரலாம். கண்ணின் பின்புறத்திலுள்ள மெல்லிய குழாய்கள் கசிந்தால் பார்வை போகும். ஆயினும், இரண்டு நோயும் ஒரே இடத்தில் சேர்ந்து தாக்குவது என்றால் அது சிறுநீரகத்தைத்தான். இதைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது.

சிறுநீரகம் என்னும் வடிகட்டி

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. ரத்தத்திலுள்ள கழிவை இவை சிறுநீராக வெளியேற்றி, உடலுக்குத் தேவையான புரதத்தை உள்ளேயே நிறுத்திக்கொள்கின்றன. சர்க்கரை நோய் இந்த வடிகட்டியின் சல்லடையைப் பழுதாக்குகிறது. கொதிப்பு அதே சல்லடை மீது வேகமாகத் தண்ணீரை அடிக்கிறது. சல்லடைக் கண் பெரிதாகிப் புரதம் சிறுநீரில் ஒழுக ஆரம்பிக்கிறது. பழுதான சிறுநீரகமோ தனக்கு ரத்தம் போதவில்லை என்று எண்ணி, அழுத்தத்தை ஏற்றும் சுரப்புகளை வெளியிடுகிறது. கொதிப்பு இன்னும் ஏறுகிறது. மேலும் சில வடிகட்டிகள் கெடுகின்றன. இந்தச் சுழல் ஆண்டுக் கணக்கில் ஓசையின்றி நடக்கிறது. வலி கிடையாது. சிறுநீரும் வழக்கம்போல் போகும். கால் வீக்கம், சோர்வு, வாந்தி என்று வெளியே தெரியும்போது பெரும்பகுதி போயிருக்கும்.

அதன் பிறகு டயாலிசிஸ்தான் வழி. வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் சுமார் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்து படுத்திருக்க வேண்டும். அரசு மருத்துவமனையிலோ காப்பீட்டுத் திட்டத்திலோ செலவில்லாமல் கிடைத்தாலும், போக வர ஆகும் செலவும், கூட வருபவரின் கூலி நாளும், வேலை செய்ய முடியாமல் போன உடம்பும் கணக்கில் வரும். மணிமங்கலம் ஏரியின் கீழ் ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்வோம். வாரத்தில் மூன்று நாள் அவர் சென்னைக்குப் போய்வந்தால், நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் வைக்க வேண்டும். இரண்டு போகம் அப்படிப் போனால் அடுத்து நிலம்தான் பேச்சுக்கு வரும். மனை விலை ஏறிக் கிடக்கும் பகுதியில் வாங்க ஆளும் காத்திருக்கிறார்கள்.

இதைத் தடுக்கப் பெரிய மருத்துவமனை தேவையில்லை என்பதற்குச் சென்னைக்கு அருகிலேயே சான்று இருக்கிறது. சிறுநீரக மருத்துவர் டாக்டர் எம். கே. மணியின் முயற்சியில் அமைந்த சென்னை சிறுநீரக உதவி அறக்கட்டளை, 1990-களின் பிற்பகுதியில் சுமார் 25,000 மக்கள் வாழும் கிராமங்களை எடுத்துக்கொண்டது. பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி தரப்பட்டது. அவர்கள் வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தம் பார்த்தார்கள். சிறுநீரில் ஒரு மருந்தைச் சேர்த்துப் புரதம் இருக்கிறதா என்றும், இன்னொன்றைச் சேர்த்துச் சர்க்கரை இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். நோய் இருந்தவர்களுக்குக் கடைகளில் கிடைப்பவற்றிலேயே மிக மலிவான பழைய மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. 2003-ல் வெளியான கணக்கின்படி, கொதிப்பு இருந்தவர்களில் 96 சதவீதம் பேருக்கு அது 140-க்கு 90-க்குள் வந்தது. சர்க்கரை நோயாளிகளில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நல்ல கட்டுப்பாட்டில் இருந்தது. மக்கள்தொகையில் தலைக்கு ஆண்டொன்றுக்கு ஆன செலவு 27 அமெரிக்க சென்ட். அன்றைய மதிப்பில் 12, 13 ரூபாய். ஒரு டீயும் வடையும் சாப்பிடும் காசு என்று சொல்லலாம்.

அந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். சர்க்கரையைப் பிடிப்பதைவிட அழுத்தத்தைப் பிடிப்பது எளிதாக இருந்திருக்கிறது. இங்கிலாந்தில் பல ஆண்டுகள் நடந்து 1998-ல் முடிவு வெளியான பெரிய நீரிழிவு ஆய்வும் இதையே வேறு கோணத்தில் காட்டியது. நீரிழிவும் கொதிப்பும் சேர்ந்திருந்த 1,148 பேரில், அழுத்தத்தை மேல் எண்ணில் 10 அளவுக்குக் கூடுதலாகக் குறைத்துக்கொண்டவர்களுக்குப் பக்கவாதம் 44 சதவீதம் குறைந்தது. நீரிழிவு சார்ந்த மரணம் 32 சதவீதம் குறைந்தது. ஆகவே, "சர்க்கரைக்குத்தான் மாத்திரை போடுகிறேனே, பிரஷர் கொஞ்சம் ஏறியிருந்தால் என்ன" என்று சர்க்கரை நோயாளி சொல்வது, வரப்பின் ஒரு பக்கத்தை அடைத்துவிட்டு மறுபக்கத்தைத் திறந்து விடுவதுபோல் ஆகும்.

சோதனை எங்கே, எப்படி?

முப்பது வயதுக்கு மேற்பட்ட யாரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு சோதனைகளையும் இலவசமாகச் செய்துகொள்ளலாம். தாம்பரம் பகுதிக்காரர்களுக்குக் குரோம்பேட்டை அரசு மருத்துவமனையும் இருக்கிறது. 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் மூலம், சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கவும் ஏற்பாடு செய்யப்பட்டது. ஆட்கள் வரும் நேரத்தில் வயலில் இருந்துவிட்டு, "வந்தார்களாம், நான் இல்லை" என்று விட்டுவிடுகிறவர்களே அதிகம். வீட்டுப் பெண்கள் தங்களுக்குப் பார்த்துக்கொண்டு, கணவருக்கு எப்போது வரச் சொல்லலாம் என்று கேட்டு வைத்தால் நல்லது.

அழுத்தம் பார்ப்பதற்கு முன் அரை மணி நேரம் காப்பி, டீ, பீடி கூடாது. சைக்கிள் மிதித்துப் போய் இறங்கிய உடனே கையை நீட்டக் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை இருதய உயரத்தில் மேசைமேல் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். இரண்டு தடவை பார்ப்பது சிறப்பு. சர்க்கரை நோயோ கொதிப்போ உறுதியாகிவிட்டால், ஆண்டுக்கு ஒரு தடவையாவது சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் ரத்தத்தில் கிரியேட்டினின் அளவையும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கண்ணின் பின்புறத்தையும் டாக்டர் பார்க்க வேண்டும். இந்தச் சிறுநீர்ச் சோதனையைத்தான் மிகப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

உப்பு, சோறு, கீரை

சென்னையில் நடந்த ஆய்வு ஒன்றில், ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 8.5 கிராம் உப்பு சாப்பிடுவது தெரியவந்தது. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை 5 கிராம். வீட்டில் இதை அளந்து பார்க்கத் தராசு தேவையில்லை. நான்கு பெரியவர்கள் உள்ள குடும்பத்துக்கு மாதம் 600 கிராம் உப்புக்கு மேல் ஆகக் கூடாது. ஒரு கிலோ பாக்கெட் மாதத்துக்குள் தீர்கிறது என்றால் தலைக்கு 8 கிராமைத் தாண்டிவிட்டது என்று பொருள். கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் இவற்றில் இருப்பது இந்தக் கணக்கில் சேராது. வெயிலில் வியர்க்கிறதே, உப்பு வேண்டாமா என்று கேட்கலாம். வியர்வைக்குத் தண்ணீர்தான் முதலில் வேண்டும். கொதிப்புள்ளவர் கூழுக்கும் மோருக்கும் கைநிறைய உப்பு அள்ளிப் போட்டுக்கொள்ள அது காரணமாகாது.

தீட்டிய வெள்ளை அரிசியை அதிகம் சாப்பிடுகிறவர்களுக்கு நீரிழிவு வாய்ப்புக் கூடுவதும் சென்னை ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. நெல் விளைவிக்கிறவரிடம் சோறு சாப்பிடாதே என்று சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டியதில்லை. மூன்று வேளை என்பதை இரண்டாக்கி, தட்டில் பாதியைக் காய்க்கும் கீரைக்கும் விட்டு, பருப்பையோ பயறையோ சேர்த்துக்கொண்டால் போதும். கேழ்வரகு, கம்பு என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்ற எண்ணமும் தவறு. அவையும் மாவுச்சத்துதான். களி இரண்டு உருண்டை என்றால் சர்க்கரையும் அதற்குத் தக்கபடிதான் ஏறும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், விடியுமுன் அரைக்கீரையும் சிறுகீரையும் கட்டுக் கட்டாகச் சந்தைக்கு அனுப்புகிறவர் வீட்டில், பழைய சோற்றுக்கு ஊறுகாய்தான் இருக்கும். விற்கிற கட்டில் ஒன்றை வீட்டுக்கு நிறுத்திக்கொண்டால் ஒரு நாள் வரும்படி போய்விடாது. சிறுநீரகம் முன்பே பழுதானவர்கள் மட்டும், கீரை எவ்வளவு சேர்க்கலாம் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கீரையில் உள்ள பொட்டாசியம் அவர்களுக்கு ஆகாமல் போகலாம்.

உடம்பு வலி மாத்திரையும் மற்ற மாத்திரைகளும்

நாற்று நட்ட நாளிலும் மூட்டை தூக்கிய நாளிலும், கடையில் வாங்கி இரண்டு வலி மாத்திரை போட்டுக்கொண்டு படுப்பது வழக்கமாகிவிட்டது. டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்றவை உடம்பில் உப்பையும் நீரையும் நிறுத்தி அழுத்தத்தை ஏற்றுகின்றன. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையும் குறைக்கின்றன. நாளெல்லாம் வெயிலில் வியர்த்துத் தண்ணீர் வற்றிய உடம்பில் போட்டால் கேடு இரட்டிப்பாகும். கொதிப்போ சர்க்கரையோ உள்ளவர் இவற்றைத் தாமாக வாங்கிப் போடக் கூடாது. வெந்நீர் ஒத்தடமும் ஓய்வும் போதாவிட்டால், எந்த மாத்திரை போடலாம் என்று கேட்டே போட வேண்டும்.

இரண்டு நோயும் உள்ளவருக்கு எந்தக் கொதிப்பு மாத்திரை என்பதும் முக்கியம். எனலாப்ரில், லோசார்டான் வகைகள் அழுத்தத்தைக் குறைப்பதோடு சிறுநீரில் புரதம் ஒழுகுவதையும் குறைக்கின்றன. எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். அதற்காக மாத்திரையையே நிறுத்திவிடாமல் சொன்னால், டாக்டர் வேறு வகைக்கு மாற்றித் தருவார். கர்ப்பிணிகள் இவ்வகைகளைச் சாப்பிடக் கூடாது. சிறுநீரை அதிகமாகப் போக வைக்கும் சில மாத்திரைகள் சர்க்கரையைச் சற்று ஏற்றும். அட்டெனலால் போன்றவை, சர்க்கரை திடீரெனக் குறையும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் வெளியே தெரியாமல் மறைத்துவிடலாம். இவற்றை எண்ணி யாரும் பயந்து மருந்தை விட வேண்டியதில்லை. அழுத்தத்துக்கு ஓர் இடத்திலும் சர்க்கரைக்கு இன்னோர் இடத்திலும் பார்க்கிறவர், இரண்டு இடத்திலும் இரண்டையும் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இது.

தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்குச் செல்கிறவர்களுக்கும் இது பொருந்தும். அங்கே போகும்போது ஆங்கில மாத்திரைகளைக் காட்ட வேண்டும். ஆங்கில வைத்தியரிடம் போகும்போது சூரணத்தையும் காட்ட வேண்டும். எதையும் தாமாக நிறுத்தக் கூடாது. எண் சரியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. மாத்திரை வேலை செய்வதால்தான் எண் சரியாக இருக்கிறது. வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து தண்ணீர் வற்றிய நாளில் மட்டும் சில மாத்திரைகளை நிறுத்தி வைக்க வேண்டிவரலாம். எவற்றை என்பதை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த தடவை சுகாதார நிலையத்துக்குப் போகும்போது, வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், காலியானவை உட்பட, ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துச் செல்லலாம். "வெள்ளை மாத்திரை ஒன்று, மஞ்சள் ஒன்று" என்று சொன்னால் டாக்டருக்கு எதுவும் தெரியாது. பையைக் கவிழ்த்துக் காட்டினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.